ராணுவ லைட்டரில் துடைப்பதும் விடுவதும்

பழைய ராணுவ லைட்டர் ஒன்று பழுதுபார்க்க வந்தால் முதல் நாள் அதை நான் பிரிப்பதே இல்லை. எல்லாப் பக்கமும் படம் எடுப்பேன். அப்புறம் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து மறுபடி எடுப்பேன். நேர் வெளிச்சத்தில் வெறும் தேய்மானமாகத் தெரிகிற இடத்தில், சாய்ந்த வெளிச்சம் பட்டதும் சில நேரம் ஒரு பெயரின் முதலெழுத்தோ ஒரு ராணுவ எண்ணோ மேலெழும்பி வரும். லைட்டரைப் பல வருடம் அலமாரியில் வைத்திருந்த குடும்பத்துக்கே அது தெரிந்திருக்காது. இதைப் பார்க்காமல் துணியைக் கையில் எடுத்தால், துடைப்பது அழுக்கையா அந்த எழுத்தையா என்று சொல்ல முடியாது.

ஆனால் கொண்டு வருகிற பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "புதுசு மாதிரி பளபளன்னு ஆக்கிக் கொடுங்க." அன்பில்தான் கேட்கிறார்கள். தாத்தாவுடைய பொருள் மங்கிக் கிடப்பதைப் பார்க்க அவர்களுக்கு மனசு வரவில்லை. அந்த அன்பை மதித்துக்கொண்டே, வேண்டாம் என்று சொல்லிப் புரியவைப்பது இந்தத் தொழிலில் கைவேலைக்குச் சமமான வேலை.

முதல் உலகப்போர்க்காலத்து லைட்டர்களிலிருந்து தொடங்குகிறேன். என் ஈடுபாடு அவற்றில்தான் அதிகம். அவை பிறக்கவே ஒரு காரணம் இருந்தது. 1903-இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் வான் வெல்ஸ்பாக், சீரியமும் இரும்பும் கலந்து, உரசினால் பொறி பறக்கும் ஓர் உலோகக் கலவையை உருவாக்கினார். இன்று லைட்டர் கல் என்று நாம் சொல்வது அதைத்தான். அது வந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் பதுங்குகுழிகளில் உட்கார்ந்திருந்த சிப்பாய்கள், கையில் கிடைத்த காலித் தோட்டா உறை, சட்டைப் பொத்தான், நாணயம், செம்புத் தகடு எல்லாவற்றையும் சேர்த்துத் தங்களுக்கான லைட்டரைத் தாங்களே செய்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள். சின்னப் புத்தகம் போன்ற வடிவில் பித்தளையில் செய்து, மேலே வெர்டன், சோம் என்று பிரான்ஸில் சண்டை நடந்த இடத்தின் பெயரும் ஆண்டும் வெட்டியவை உண்டு. திரிக்குப் பதில் தடித்த கயிறு வைத்தவையும் உண்டு. கயிற்றில் தீ சுடராக எழாது, கனன்றுகொண்டிருக்கும். காற்று அடித்தால் இன்னும் நன்றாகக் கனலும். எதிரியின் குறி பார்க்கும் கண் இருட்டுக்குள் காத்திருக்கும் இடத்தில் சுடர் இல்லாத தீ எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படிப்பட்ட லைட்டர் ஒன்றில் பழைய கயிறு இன்னும் மிச்சமிருந்தால், அதன் நுனிக் கருக்கைக்கூட நான் தொடுவதில்லை. எரித்துக் காட்டச் சொன்னால் புதுக் கயிறு கோத்துக் காட்டிவிட்டு, பழையதைத் திருப்பி வைத்துவிடுவேன். உலோகம் நூறாண்டு நிற்கும். அந்தக் கயிறு இதுவரை நின்றதே பெரிது.

தோட்டா உறையில் செய்த லைட்டரானால் இன்னொரு வேலை எல்லாவற்றுக்கும் முந்தியது. அடிப்பகுதியில் இருக்கும், தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் எரியூட்டி வெடித்து முடிந்ததா என்று பார்க்க வேண்டும். துப்பாக்கியின் ஊசி அடித்த பள்ளம் இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் நான் அதைச் சூடாக்குவதோ தட்டுவதோ கிடையாது. வெடிபொருள் தெரிந்தவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றது. எரிந்து முடிந்ததாக இருந்தால் நிம்மதியாக அடியிலுள்ள முத்திரையைப் படிக்கலாம். தயாரித்த ஆலையின் எழுத்தும் ஆண்டும் பெரும்பாலும் அங்கே இருக்கும். லைட்டர் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது; அவ்வளவு உறுதியான சாட்சி வேறு எதிலும் கிடைப்பதில்லை.

இந்தப் பித்தளையைத் துடைக்கிற விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். அமோனியா கலந்த பாலிஷ் எதுவும் என் மேசைப் பக்கம் வராது. இதற்குப் பின்னால் ஒரு ராணுவ வரலாறே இருக்கிறது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படைகள் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தன. மழை விட்டு எடுத்துப் பார்த்தால் உறைகள் தானாக விரிசல் விட்டிருந்தன. பித்தளைத் தகட்டைக் குளிர்ந்த நிலையில் இழுத்து உறையாக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா அந்த இறுக்கத்தின் வழியே புகுந்து பிளந்துவிடுகிறது. 1921-இல்தான் இதன் காரணம் முறையாக விளக்கப்பட்டது. அந்தப் படைகளின் தோட்டாவுக்கு நடந்தது, அதே பித்தளையில் செய்த லைட்டருக்கும் நடக்கலாம். பளபளப்புக்காக நெடி வீசும் பாலிஷைத் தேய்த்து, கழுத்தில் மயிரிழை விரிசலோடு வந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் நான் செய்வது இவ்வளவுதான். பச்சைக் களிம்பு பிடித்த இடத்தை மூங்கில் குச்சியால் மெதுவாக எடுப்பேன், ஏனென்றால் களிம்பு உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். ஒரே சீராகப் படிந்த பழுப்பை விட்டுவிடுவேன். அது தின்பதில்லை, காக்கிறது. மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1950-களில் பழம்பொருள்களுக்காக உருவாக்கிய நுண்படிக மெழுகு வகைதான் நான் பயன்படுத்துவது. பிற்பாடு யாராவது வேண்டாம் என்று நினைத்தால் கரைப்பானில் துணியை நனைத்துத் துடைத்தால் போய்விடும். போகக்கூடிய எதையும் பூசலாம், போகாத எதையும் பூசக்கூடாது என்பது எனக்குச் சட்டம்.

இரண்டாம் உலகப்போருக்கு வந்தால் ஸிப்போதான் பேச்சு. ஜார்ஜ் பிளேஸ்டெல் 1932-இல் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் தொடங்கிய அமெரிக்க லைட்டர் நிறுவனம் அது. போர் வந்ததும் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தி, தயாரித்தது அத்தனையும் ராணுவத்துக்கே அனுப்பியது. பித்தளையும் குரோமியமும் போர்த் தேவைகளுக்குப் போய்விட்டதால் கூட்டை எஃகில் செய்தார்கள். எஃகு துருப்பிடிக்கும் என்று கறுப்பு வண்ணம் அடித்துச் சூளையில் வேகவைத்தார்கள். மேற்பரப்பு வெடித்துச் சுருங்கினாற்போல் சொரசொரப்பாக நின்றது.

இந்தக் கறுப்பு வண்ணத்தைத்தான் எல்லாரும் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். நான் புதுப்பிப்பதில்லை. வண்ணம் எந்த இடத்தில் போயிருக்கிறது என்று கவனித்தால் காரணம் தெரியும். மூடியின் ஒரு மூலையில், கட்டைவிரல் தள்ளுகிற இடத்தில் முழுசாகப் போயிருக்கும். பைக்குள் உரசுகிற அடி ஓரங்களில் போயிருக்கும். நடுவில் ஊசியாலோ கத்தி முனையாலோ பெயரைக் கீறிய கோடுகளில் மட்டும் போயிருக்கும். ஒருவர் அதை வலது கையில் பிடித்தாரா இடது கையிலா என்பதுகூடச் சில நேரம் அந்தத் தேய்மானத்தில் தெரிகிறது. புது வண்ணம் அடித்த நிமிடம் இந்தக் கை காணாமல் போகிறது. மிஞ்சுவது கடையில் வாங்கக்கூடிய ஒரு கறுப்பு லைட்டர். வெறும் எஃகு தெரிகிற இடங்களில் துருவை எண்ணெயால் இளக்கி எடுத்து மெழுகு தடவினால் போதும், இன்னும் பல காலம் நிற்கும்.

உதிரிபாகம் மாற்றுவதிலும் இதே கவனம் வேண்டும். போர்க்கால ஸிப்போவின் புகைக்கூண்டில், அதாவது திரியைச் சுற்றிக் காற்றைத் தடுக்கும் தகட்டில், பெரும்பாலும் 14 துளைகள், பின்னால் வந்தவற்றில் 16. உரசு சக்கரத்தின் பற்கள் அந்நாளில் கிடைக்கோடாக இருந்தன, பிறகு குறுக்கும் நெடுக்குமாக மாறின. சக்கரம் தேய்ந்துவிட்டது என்று கையில் கிடைத்த புதுச் சக்கரத்தை மாட்டினால் தீ நன்றாகத்தான் வரும். ஆனால் அந்த லைட்டர் எந்தக் காலத்தது என்று சொல்லும் ஒரு வாய் அடைபட்டுவிடும். அதே காலத்துச் சக்கரம் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்வேன். கிடைக்காவிட்டால் தேய்ந்ததே இருக்கட்டும்.

வியட்நாம் போர் லைட்டர்கள் தனி உலகம். அவற்றில் பழுதுபார்க்கிற வேலையைவிடச் சந்தேகப்படுகிற வேலைதான் அதிகம். சிப்பாய்கள் முகாம் கடையில் ஸிப்போ வாங்கி, வெளியே உள்ளூர் கடைகளில் தங்கள் படைப்பிரிவு, இருந்த ஊர், ஆண்டுகள், ஒரு வாசகம் என்று வெட்டிக்கொண்டார்கள். இன்று சந்தையில் கிடைப்பதில் ஏராளம் போலி. அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான் முதல் சோதனை. 1966-இல் தயாரித்தவற்றில் ஸிப்போ பெயருக்கு இரண்டு பக்கமும் நான்கு நான்கு நிமிர்ந்த கோடுகள் இருக்கும்; ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்து 1973-இல் ஒரே ஒரு கோடு மிஞ்சும். மேலே 67-68 என்று வெட்டியிருந்து அடியில் மொத்தம் மூன்று கோடு இருந்தால், அந்தக் கூடு 1971-இல் பிறந்தது. பேச்சு அதோடு முடிந்தது. ஆண்டு பொருந்தினாலும் எழுத்துப் பள்ளத்துக்குள் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். பரப்பு முழுக்கத் தேய்ந்திருக்க, எழுத்தின் விளிம்பு மட்டும் கூர்மையாக இருந்தால், தேய்ந்த பிறகு வெட்டிய எழுத்து அது. அப்பாவுடையது என்று நம்பி வாங்கியவரிடம் இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பொய்யான ஒன்றுக்குப் பழுதுபார்த்துக் கொடுத்தால் அந்தப் பொய்க்கு நானும் கையெழுத்துப் போட்டதாக ஆகும்.

எந்தக் காலத்து லைட்டரானாலும் உள்ளே பெரும்பாலும் ஒரே நோய்தான்: கல் குழாயில் இறுகிப்போயிருக்கும். கல்லை உள்ளே விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் கிடந்தால், ஈரக்காற்றில் அது சாம்பல் நிறப் பொடியாக மாறி, ஊதிப் பெருத்து, ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அவசரக்காரர்கள் மின் துளைப்பானை விடுவார்கள். மெல்லிய பித்தளைக் குழாய் ஒரே நொடியில் கிழிந்துவிடும். நான் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுவேன். பிறகு கல்லின் குறுக்களவு சுமார் 2.5 மி.மீ. என்பதால் 2 மி.மீ. துளைமுனையை விரலால் சுற்றும் பிடியில் பொருத்தி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் பொடியை வெளியே கொண்டுவருவேன். கல்லின் நடுவில் இன்னும் கெடாத உலோகம் இருந்தால் பொறி பறக்கும். எரிபொருளை உறிஞ்சி வைக்க உள்ளே அடைத்த பஞ்சில் பழைய எரிபொருளின் ஈரம்கூட இருக்கக் கூடாது என்பதை முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். மிகவும் சலிப்பான வேலை. ஆனால் ஸ்பிரிங் திடீரென்று இளகி மேலே வரும்போது வருகிற சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சில பழைய திரிகளில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை உண்டு. உலர்ந்த திரியைப் பிய்ப்பதோ ஊதுவதோ கூடாது. நனைத்த பிறகே தொட வேண்டும்.

எனக்கு மிகவும் யோசனை கொடுத்தது ஒரு தோட்டா லைட்டர். அதன் மூடியை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முறுக்குக் கம்பி இருந்தது. அதன் வேரில் கொழகொழவென்று ஈயப்பற்று. கொண்டு வந்த பேரனுக்கு அது அசிங்கமாகப் பட்டது. "யாரோ பின்னாடி அரைகுறையா ஒட்டியிருக்காங்க, எடுத்திடுங்க" என்றார். எனக்கு உறுதியில்லை. லென்ஸில் பார்த்தேன். புகைக்கரி ஈயத்துக்கு அடியிலும் இருந்தது, மேலேயும் இருந்தது. கம்பி பித்தளையில் உரசி ஆழமான ஒரு பள்ளமே விழுந்திருந்தது. அப்படியானால் ஒட்டிய பிறகும் இந்த லைட்டர் வெகுகாலம் தினமும் திறந்து மூடி எரிக்கப்பட்டிருக்கிறது. அரைகுறையாக ஒட்டியவர், அதை நம்பியிருந்தவர். அது தாத்தாதான் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரமில்லை. ஆனால் எடுத்துவிட்டால் அந்தக் கேள்வியையே யாரும் இனிக் கேட்க முடியாது. கம்பியை அப்படியே விட்டு, மூடியின் உட்புறம் கண்ணுக்குப் படாதபடி ஒரு மெல்லிய வில்தகட்டைச் செருகினேன். பற்றவைக்கவில்லை, நகத்தால் நெம்பினால் வந்துவிடும். மூடி நன்றாக மூடியது. படங்களைப் பெரிதாக்கிக் காட்டியபோது அவர் அந்த ஈயத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு அம்மா, அப்பாவின் பெயர் மங்கிவிட்டது, அதே கோட்டின் மேல் ஆழமாக வெட்டிக் கொடுங்கள் என்று கேட்டார். மாட்டேன் என்றேன். அதே கோட்டின் மேல் என் கருவி போனால், அதன்பின் அது என் எழுத்து. அதற்குப் பதில் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். அதில் பெயர் தெளிவாகத் தெரிந்தது. அவருக்கு முழு திருப்தி என்று சொல்ல மாட்டேன்.

நெளிவுகளைப் பற்றியும் இதேபோல் கேட்பார்கள். மூடி மூடாதபடி தடுக்கும் நெளிவை மட்டும் உள்ளிருந்து மரக்கட்டை வைத்து நிமிர்த்துவேன். மற்றவை இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் ஒரு தாள் எழுதுகிறேன்: வந்தபோது எப்படி இருந்தது, எதைத் தொட்டேன், எதைத் தொடவில்லை, என்ன பூசினேன், அதை எப்படி நீக்கலாம். கழற்றிய பஞ்சு, திரி, கல்லின் பொடி, உடைந்த திருகு எல்லாம் தனித்தனிப் பொட்டலத்தில், மேலே பெயர் எழுதி, லைட்டருடனேயே திரும்பிப் போகும். திரியில் ஆஸ்பெஸ்டாஸ் என்று சந்தேகம் இருந்தால் அந்தப் பொட்டலத்தை ஒட்டி மூடி எச்சரிக்கையும் எழுதிவிடுவேன். "இந்தக் குப்பை எதுக்கு" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பஞ்சு யார் அடைத்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தூக்கிப் போடும் உரிமை எனக்கு இல்லை.

கடைசியாக, எரிக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கொஞ்சமாக எரிபொருள் விட்டு ஒருமுறை எரித்துப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தீ வராத லைட்டர் பாதிப் பொருள் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு எரிபொருளை முழுக்க ஆவியாக விட்டு, கல்லையும் கழற்றித் தனியாக வைத்துவிடச் சொல்கிறேன். தபாலில் அனுப்புவதானால் எரிபொருளின் வாடைகூட இல்லாமல் உலர்த்தித்தான் அனுப்புகிறேன். கல் வேறு ஒரு சிறிய டப்பாவில், தாளின் கூடவே போகும்.