ஏடி தேடுவோர் கவனத்துக்கு: சந்தைப் பெயர் போதாது

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ., பாதுகாப்புக் குறையைச் சரிசெய்யச் சொல்லி வெளியிடும் ஏர்வொர்த்தினெஸ் டைரக்டிவ் என்ற ஆணை, சுருக்கமாக ஏடி, வெறும் பரிந்துரை அல்ல, சட்டம். அதை நிறைவேற்றாமல் விமானத்தை இயக்கினால் விதித் தொகுப்பின் 39ஆம் பகுதியை மீறியதாகும். ஏடிகளும், ஒரு மாடலின் வடிவமைப்புக்கு எஃப்.ஏ.ஏ. தரும் ஒப்புதலான டைப் சர்ட்டிஃபிகேட்டின் தரவுத் தாள்களும் இப்போது டி.ஆர்.எஸ். என்ற ஒரே தளத்தில் இருக்கின்றன. பழைய ஆர்.ஜி.எல். தளத்தின் இடத்துக்கு 2022இல் வந்தது இது. பயனுள்ள தளம்தான். ஆனால் ஒரு விமானத்தை அது டைப் சர்ட்டிஃபிகேட்டில் உள்ள பெயரால்தான் அடையாளம் காண்கிறது.

737 மேக்ஸ் 8 அங்கே 737-8. ஏடிஆர் 72-600 அங்கே ஏடிஆர் 72-212ஏ. சிஆர்ஜே 200 என்று நாம் சொல்வது சிஎல்-600-2பி19. எம்ப்ரேயர் 175 என்பது இஆர்ஜே 170-200. விளம்பரப் பெயரைத் தட்டிவிட்டு, ஒன்றும் வரவில்லை, ஆகவே ஏடி இல்லை என்று பதிவேட்டில் எழுதுவதைவிட ஆபத்தான பிழை இந்த வேலையில் குறைவு. முதலில் விமானத்தில் பதித்திருக்கும் அடையாளத் தகடான டேட்டா பிளேட்டைப் பாருங்கள். அதிலுள்ள மாடலையும் வரிசை எண்ணையும் தரவுத் தாளோடு ஒப்பிட்டுவிட்டுப் பிறகு தேடுங்கள்.

அதன்பின் எஞ்சின், புரொப்பெல்லர், துணைக்கருவிகள் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். 2018 ஏப்ரலில் சவுத்வெஸ்ட் 1380 விமானத்தில் விசிறித் தகடு உடைந்து ஒரு பயணி இறந்தார். மூன்றே நாளில் அவசர ஏடி 2018-09-51 வந்தது: 30,000 சுழற்சிகளை (ஒரு புறப்பாடும் தரையிறக்கமும் சேர்ந்தது ஒரு சுழற்சி) எட்டிய தகடுகளை 20 நாளுக்குள் அல்ட்ராசோனிக் முறையில் சோதிக்க வேண்டும். அது சிஎஃப்எம்56-7பி எஞ்சினுக்கான ஏடி. விமானம் 737-700 என்பதால் அந்தப் பெயரில் மட்டும் தேடுபவர் கண்ணில் படாது.

எண்ணைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். முதலில் ஆண்டு, அடுத்து அந்த ஆண்டின் எத்தனையாவது இருவாரம், கடைசியில் வரிசை எண். அந்த வரிசை எண் 51 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது அவசர ஆணையாகப் பிறந்தது. இந்தோனேசியாவின் லயன் ஏர் 737 மேக்ஸ் விபத்துக்குப் பின் வந்த 2018-23-51 அப்படிப்பட்டதுதான். அதை நீக்கிவிட்டு அதன் இடத்தில் 2020 நவம்பரில் 2020-24-02 வந்தது. இப்படி நீக்கப்பட்ட பழைய எண்ணைப் பதிவேட்டில் முடித்துவைத்து, புதியதைத் தனி வரியாகத் திறக்க வேண்டும். ஆணை சொல்லும் முறைக்குப் பதிலாக வேறு முறையைப் பின்பற்றப் பழைய ஆணைக்குப் பெற்ற மாற்றுவழி ஒப்புதல் தானாகத் தொடராது. செல்லும் என்று புதிய ஆணையின் வாசகமே சொன்னால்தான் செல்லும்.

கடைசியாக சர்வீஸ் புல்லட்டின், அதாவது வேலையை எப்படிச் செய்வது என்று உற்பத்தியாளர் வெளியிடும் அறிவிப்பு. எஃப்.ஏ.ஏ. ஆணை அதன் திருத்தம் 2 என்று குறிப்பிட்டால், உற்பத்தியாளர் பிறகு வெளியிட்ட திருத்தம் 3ஐப் பின்பற்றுவதும் பொதுவாக விலகல்தான், அதற்கும் மாற்றுவழி ஒப்புதல் தேவை. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஏசாவின் ஆணைகள் பலவற்றில் அடுத்து வரும் ஒப்புதல் பெற்ற திருத்தங்களும் செல்லும் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் அமெரிக்க ஆணையைப் படிப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். வேலை அட்டையில் புல்லட்டின் எண்ணோடு திருத்த எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். தணிக்கையாளர் முதலில் ஒப்பிடுவது அதைத்தான்.