எந்த ஆர்டரை எந்தக் கடை அனுப்புவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் பூசைப் பொருள், வேட்டி சேலை விற்கும் கடை ஒன்றில் சரக்குப் பொறுப்பு பார்க்கிறேன். தோட்டத்து மக்களை நம்பி ஆரம்பித்த கடை. இப்போது ஈப்போ லிட்டில் இந்தியா, தெலுக் இந்தான், சுங்கை பட்டாணி என்று இன்னும் மூன்று இடங்களில் கிளை இருக்கிறது. இந்தியாவிலிருந்து வரும் கொள்கலன்கள் கிள்ளான் துறைமுகத்தில் இறங்குவதால் பெரிய கிடங்கு கிள்ளானில்.

இணையத்தில் வரும் ஆர்டரெல்லாம் முன்பு கிள்ளானிலிருந்துதான் போகும். அதனால் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு தெலுக் இந்தான் அலமாரியில் தூசு படிந்து நிற்கும். இணையக் கடையில் அதே விளக்குக்கு 'இருப்பு இல்லை' என்று காட்டும். தீபாவளி நெருங்கும்போது இது மனதை அறுக்கும். கடைகளிலிருந்தும் அனுப்பலாம் என்று முதலாளி முடிவெடுத்து, ஏற்பாட்டை என்னிடம் விட்டார்.

எங்கள் இணையக் கடை மெஜென்டோ என்ற இணையக் கடை மென்பொருளில் ஓடுகிறது. 2018 கடைசியில் வந்த 2.3 பதிப்பிலிருந்தே ஒவ்வொரு இடத்தின் சரக்கையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் வசதி அதில் உண்டு. ஓர் ஆர்டர் வந்தால் எங்கிருந்து அனுப்பலாம் என்று அதுவே யோசனையும் சொல்லும். நாம் கொடுத்த வரிசைப்படி சொல்லச் செய்யலாம், இல்லை தூரத்தைப் பார்த்துச் சொல்லச் செய்யலாம். கேட்டபோது எனக்கும் தூரக் கணக்குதான் நியாயமாகப் பட்டது. ஆனால் அதற்கு முன்னால் இருப்புக் கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதிக நாள் பிடித்ததும் அதுதான்.

கிடங்கில் கணக்கில் பத்து என்றால் பத்து இருக்கும். கடையில் அப்படி இல்லை. வாடிக்கையாளர் ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு கடையைச் சுற்றுவார். இன்னொன்று லேசாகக் கீறல் விழுந்து கல்லாவுக்குப் பின்னால் கிடக்கும். பகல் முழுக்க விற்றது இரவில்தான் இணையத்துக்குப் போகும். அதனால் கடைகளின் எண்ணிக்கையிலிருந்து இரண்டைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் இணையத்துக்கு அனுப்பினோம். இரண்டே இரண்டு இருக்கும் பொருள் இணையத்தில் தெரியவே தெரியாது. விற்பனை போகிறதே என்று முதலாளி சங்கடப்பட்டார். பணம் கட்டியவரைக் கூப்பிட்டுப் பொருள் இல்லை என்று சொல்வதை விட இது மேல் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

இன்னொரு சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. ஆர்டர் விழுந்ததும் மெஜென்டோ அந்த அளவை ஒதுக்கிவைக்கும். விற்கக்கூடிய அளவு உடனே குறையும். இடத்தின் இருப்பு எண்ணோ பார்சல் கிளம்பிய பிறகுதான் குறையும். அந்த ஒதுக்கீடும் மொத்தச் சரக்கின் மேல்தான் விழும், இன்ன கடையின் மேல் என்று விழாது. அலமாரியில் எட்டு வேட்டி இருக்கிறது, அதில் மூன்று ஏற்கெனவே யாருக்கோ போக வேண்டியவை என்பது அங்கே நிற்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தெலுக் இந்தான் கடையைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் வழி சொன்னார். "ஆர்டர் சீட்டு வந்த உடனே பொருள எடுத்து செவப்புக் கூடையில போட்ரணும் தம்பி. கூடையில இருக்கறத யாரும் தொடக்கூடாது." எல்லாக் கடைக்கும் அதையே விதியாக்கினோம். கணினியில் நான் செய்த எதையும் விட அந்தச் சிவப்புக் கூடை செய்தது அதிகம்.

அப்புறம்தான் தூரத்துக்கு வந்தோம். தீபகற்ப மலேசியாவுக்குள் ஒரு பார்சல் எங்கே போனாலும் எங்கள் கூரியர் எடைக்கு ஏற்ற ஒரே கட்டணம்தான் வாங்குகிறது. அப்படியென்றால் பக்கத்துக் கடையிலிருந்து அனுப்புவதால் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட மிச்சமில்லை. காசைத் தின்பது இரண்டாவது பார்சல். விளக்கு ஈப்போவிலிருந்தும் வேட்டி கிள்ளானிலிருந்தும் போனால் கட்டணம் இரண்டு. வாங்கியவருக்கும் ஒன்று இன்று, மற்றது நாளை மறுநாள். தீபாவளிக்கு முதல் நாள் வேட்டி மட்டும் வந்து சட்டை வராத வீட்டை நினைத்துப் பாருங்கள்.

அதனால் முதல் விதி ஒரே பெட்டி. எல்லாப் பொருளும் எந்த இடத்தில் சேர்ந்து இருக்கிறதோ, அங்கிருந்துதான் போகும். அப்படி இரண்டு மூன்று இடங்கள் இருந்தால் மட்டுமே தூரம் பார்ப்பது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவர் நிரல் எழுதுபவர். மெஜென்டோவின் தேர்வு முறையில் நம் சொந்த விதியைச் சேர்க்க இடமிருப்பதால், இந்த வரிசையை அவர் எழுதிச் சேர்த்துக் கொடுத்தார். அதற்கு முன்பு இயந்திரம் சொல்லும் யோசனையை நானே பார்த்துப் பார்த்துக் கையால் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் காலம் வீண்போகவில்லை; விதிகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறந்தன.

மாநிலத்தை வைத்துப் பிரிக்க வேண்டாம் என்பதையும் அப்போதுதான் கற்றேன். கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் அஞ்சல் எண் பேராக் எண்களைப் போல 3-இல், அதாவது 39-இல் தொடங்குகிறது. போகும் சாலை பேராக்கின் தாப்பாவிலிருந்தும் சிம்பாங் பூலாயிலிருந்தும் ஏறுகிறது. பகாங் என்று பார்த்தால் கிள்ளானுக்குப் போயிருக்கும் ஆர்டர், ஈப்போவிலிருந்து போவதுதான் முறை. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சுங்கை பட்டாணி கடைக்கு வெள்ளிக்கிழமை பார்சல் எடுக்க ஆள் வருவதில்லை. எனவே வியாழன் மதியத்துக்குப் பிறகு வடக்கே போக வேண்டியவற்றை ஈப்போ ஏற்றுக்கொள்கிறது.

கடலுக்கு அப்பால் போர்னியோ தீவில் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்கள் தனிக் கதை. சபாவில் உள்ள தாவாவுக்கு ஒரு பூசைத் தொகுப்பு அனுப்பினோம். விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம். அப்படியே திரும்பி வந்தது. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். ஆபத்தான சரக்குப் பட்டியலில் 4.1 வகுப்பில் வருகிறது. செயற்கைக் கற்பூரத்துக்கு ஐ.நா. எண்ணே உண்டு, 2717. சாதாரணக் கூரியரில் அதை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். எந்தக் கிடங்கிலிருந்து அனுப்பினாலும் கடலைத் தாண்ட விமானம்தானே. ஆகவே இப்போது அஞ்சல் எண் 87 முதல் 98 வரை தொடங்கினால், பணம் கட்டும் முன்பே கற்பூரம் இணையக் கூடையிலிருந்து விலகிவிடும், காரணமும் திரையில் வரும். மீதிப் பொருள் கிள்ளானிலிருந்து மட்டும் போகும். அங்கே பெட்டி கட்டுபவர்கள் பழகியவர்கள். எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் ஈப்போ கடைக்கு இணைய ஆர்டரே கொடுப்பதில்லை. லிட்டில் இந்தியாவில் அப்போது நிற்க இடமிருக்காது. கல்லாவில் நிற்கும் பிள்ளையைப் பெட்டி கட்டச் சொல்வது பாவம். மற்ற நாட்களிலும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு நாளுக்கு இத்தனைதான் என்று அளவு வைத்திருக்கிறோம். அதைக் கடைக்காரர்களே சொல்லட்டும் என்று விட்டோம். நான் எண்ணியதை விடக் கூடுதலாகவே சொன்னார்கள்.

கடைசியாக எங்கள் சொந்த ஊர் வட்டாரம். தோட்டத்து முகவரிகளிலும் 31100 என்ற அதே அஞ்சல் எண்தான் இருக்கும். அஞ்சல் எண்ணை வைத்துத் தூரம் பார்க்கும் கணினிக்கு எல்லாரும் டவுனிலேயே குடியிருக்கிற மாதிரி தெரியும். உண்மையில் கூரியர் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல் வரை போவது அரிது. தோட்ட ஆபீசில் போட்டுவிட்டுப் போய்விடும், ஆபீஸ் மூடியிருந்தால் பார்சலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடும். மெஜென்டோவின் 2.4 பதிப்பில் கடையிலேயே வந்து வாங்கிக்கொள்ளும் வசதி வந்திருப்பதால், முகவரியில் 'லாடாங்' (மலாயில் தோட்டம்) என்று இருந்தால் அதையும் முன்வைக்கிறோம். அனுப்பும் செலவு அவர்களுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. நிறையப் பேர் அதையே எடுக்கிறார்கள். சம்பளம் வந்த வாரக் கடைசியில் எப்படியும் டவுனுக்கு வருகிறவர்கள்தானே. அவர்களுக்கென்று கல்லாவுக்குப் பக்கத்தில் தனித் தட்டு வைத்து, கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பெட்டியில் பெரிதாக எழுதிவைக்கிறோம். தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் இதைக் கொண்டுபோகச் சொல்லி அக்கா கேட்டிருக்கிறார். அடுத்த வேலை அதுதான்.