பூஜ்யத்தில் விழும் கோடு

மாதாந்தர அறிக்கைகளுக்கு எக்செல்லில் சார்ட் போடுவதும், மற்றவர்கள் போட்டதைச் சரிபார்ப்பதும் என் வேலை. கோடு எங்காவது திடீரென்று பூஜ்யத்தைத் தொடுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கே விழுந்திருப்பது விற்பனை அல்ல, ஃபார்முலா.

இன்னும் பிறக்காத மாதங்களுக்கு வகுக்கும் எண் இருக்காது. பூஜ்யத்தால் வகுத்த பிழை வரிசையாக நிற்கும். பார்க்க நன்றாக இல்லையே என்று பிழைக்குப் பதில் நாம் சொல்வதைக் காட்டும் இஃப்எரர் (IFERROR) ஃபங்ஷனைப் போட்டு, பிழை வந்தால் வெற்று மேற்கோள்குறி ("") என்று எழுதிவிடுவார்கள். செல் துடைத்தாற்போல் தெரியும். ஆனால் எக்செல்லுக்கு அது காலி அல்ல, எழுத்தே இல்லாத ஓர் உரை. உரையைக் கோட்டு வரைபடம் பூஜ்யமாகவே வரையும். காலி செல்களை இடைவெளியாகக் காட்டும் அமைப்பை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. அது உண்மையிலேயே காலியான செல்லுக்குத்தான் பொருந்தும்.

மேற்கோள்குறிக்குப் பதில், ‘மதிப்பு இல்லை’ என்ற பிழையைத் தரும் என்ஏ (NA) ஃபங்ஷனை எழுதினால் கோடு அந்தப் புள்ளியை விட்டுவிடும். ஆண்டின் கடைசி மாதங்கள் என்றால் அதுவரை வந்து நின்றுவிடும், நல்லது. நடுவில் ஒரு மாதம் என்றால் இருபக்கப் புள்ளிகளையும் இணைத்துவிடும். எனக்கு இது பிடிப்பதில்லை. விவரமே வராத மாதத்துக்கும் ஏதோ அளவு எடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் 365-இல் என்ஏவைக் காலி செல்லாகக் காட்டும் தேர்வு இருக்கிறது, அதை டிக் செய்தால் போதும்.

என்ஏ வந்த வரிசையில் கூட்டுத்தொகையும் என்ஏ ஆகிவிடும் என்பது அடுத்த தலைவலி. அதனால் சார்ட்டுக்கென்று பக்கத்தில் தனி நெடுவரிசை வைத்துக்கொள்கிறேன். கூட்டலும் சராசரியும் மூல நெடுவரிசையோடு சரி.

இஃப்எரர் 2007 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் நிபந்தனை கேட்கும் இஃப் (IF), பிழையா என்று பார்க்கும் இஸ்எரர் (ISERROR) இரண்டையும் கோத்து ஒரே கணக்கை இருமுறை எழுத வேண்டும். எழுதுவது சுலபமானதும் எல்லா ஃபார்முலாவுக்கும் அதைப் போர்த்தும் பழக்கம் வந்துவிட்டது. அது எந்தப் பிழை என்று பார்க்காது, எல்லாவற்றையும் விழுங்கும். ஒருமுறை யாரோ ஒரு தாளை நீக்கிவிட்டார்கள். அதிலிருந்து எண் எடுத்த ஃபார்முலாக்களின் பிழையை இஃப்எரர் விழுங்கியதில், ஒரு பிரிவின் எண்கள் அத்தனையும் என்ஏ ஆகிவிட்டன. சார்ட்டின் ஓரத்தில் அந்தப் பிரிவின் பெயரும் நிறமும் இருந்தன, கோடு மட்டும் இல்லை. கூட்டத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

இப்போது வகுக்கும் எண் பூஜ்யமா என்பதை மட்டும் இஃப் கொண்டு கேட்டு, ஆம் என்றால் என்ஏ தருகிறேன். வேறு பிழை வந்தால் சிவக்கச் சிவக்க நிற்கும்படி நிறமிட்டுவிடுகிறேன்.