ஏ மைனரில் போய் நின்ற கசெட் பாட்டு: பேஸில் கீ பிடித்த அனுபவம்

பாட்டின் கீயை, அதாவது அது எந்த நோட்டை வீடாகக் கொண்டிருக்கிறது என்பதை, பேஸ் கிட்டாரில் பிடித்தாயிற்று. ஏ மைனர். பாட்டுக்காரர்கள் சுருதி சொல்லும் கட்டைக் கணக்கில் 6. கிழமைக் கணக்காகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நேற்று இரவு கைக்கு வந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளில் வந்த தமிழ்ப் படப் பாட்டு அது. டிசம்பரில் தெஹிவளையில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசிக்க இருக்கிறோம். கீபோர்ட்காரர் இப்போது ஊரில் இல்லை. லீட் கிட்டார் வாசிக்கும் அண்ணா, "நீ பேஸை எடுத்து வை, நாங்கள் அதுக்கு மேல ஏறிக்கொள்ளுறம்" என்று சொல்லிவிட்டார். இணையத்தில் தேடினால் சிலர் சி மேஜர் என்கிறார்கள், சிலர் ஏ மைனர் என்கிறார்கள், ஒருவர் ஜி ஷார்ப் மைனர் என்று எழுதியிருக்கிறார். மூன்று பேருக்கும் காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததுதான் இந்தப் பாட்டில் எனக்குக் கிடைத்த உண்மையான இலாபம்.

நோட்டுகளைப் பிடிப்பது பெரிய வேலையில்லை. திறந்த, அதாவது விரல் வைக்காத, ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 55. போன் ஸ்பீக்கரில் அந்த அடி ஒலி வரவே வராது, அதன் மடங்குகளாக மேலே இருக்கும் ஹார்மோனிக்குகளை வைத்துத்தான் காது ஊகிக்கிறது. அதனால் ஒடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் போட்டுப் பாட்டு முழுவதையும் 12 செமிடோன் (அரைப் படி), அதாவது ஒரு ஸ்தாயி, மேலே தூக்கினேன். பேஸ் சாதாரண கிட்டாரின் இடத்துக்கு ஏறிவிடும், ஒவ்வொரு நடையும் தெளிவாகக் கேட்கும். ஹெட்போன் மட்டும் கொஞ்சம் நல்லதாக இருக்க வேண்டும்.

நோட்டுகள் ஏழும் பட்டியலாக வந்தபிறகுதான் பாட்டு தன் குணத்தைக் காட்டியது. சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி. இந்த ஏழும் சி மேஜருக்கும் சொந்தம், ஏ மைனருக்கும் சொந்தம். சங்கராபரண ராகத்தின் 'த'வை 'ஸ' ஆக்கிக்கொண்டால் நடபைரவி ராகம் வருகிறதே, ஸ-வை இடம் மாற்றும் அதே கிரக பேதம். எந்த நோட்டுகள் என்பது தெரிந்துவிட்டது, ஆனால் எந்த நோட்டில் பாட்டு வீடு திரும்புகிறது என்பது தெரியவில்லை.

"பேஸின் முதல் நோட்டைப் பார், அல்லது கடைசி நோட்டைப் பார், அதுதான் கீ" என்று எங்கும் சொல்கிறார்கள். இந்தப் பாட்டின் தொடக்க இசை எஃப்பில் தொடங்குகிறது. முடிவோ முடிவே இல்லை, பல்லவி திரும்பத் திரும்ப வந்து ஒலி குறைந்து மறைந்துவிடுகிறது. அதோடு அந்தக் காலப் பாட்டுகளில், முக்கியமாக இளையராஜாவின் பாட்டுகளில், பேஸ் தனக்கென்று ஒரு மெட்டோடு நடக்கும். கோர்ட்டின் ரூட்டில், அதாவது அதற்குப் பெயர் கொடுக்கும் நோட்டில், உட்கார்ந்து கொண்டிருக்காது. சி கோர்ட்டுக்கு ஈயையோ ஜியையோ கீழே பிடித்துக்கொண்டு போகும். அதை நம்பி ரூட் எழுதினால் வேறு பாட்டுத்தான் வரும்.

எங்கள் மாடியில் ஒரு வீணை டீச்சர் இருக்கிறார். படியில் கண்டபோது இதைக் கதைத்தேன். "தம்பி, கோர்ட்டை விடுங்கோ. முதல்ல ஸ எங்க எண்டு பிடியுங்கோ. பாட்டை நிப்பாட்டிப்போட்டு வாயால பிடிச்சுப் பாருங்கோ" என்றார். எனக்குக் கிடைத்த யோசனைகளில் மிகப் பெறுமதியானது இதுதான்.

செய்முறை இதுதான். பாட்டை ஓடவிட்டு ஒரு வரி முடியும் இடத்தில் சட்டென்று நிறுத்த வேண்டும். வரிக்கு நடுவில் நிறுத்தினால் பயனில்லை. நிறுத்தியதும் யோசிக்காமல் ஒரு நோட்டை "ம்..." என்று பிடிக்க வேண்டும். எந்த நோட்டைப் பிடித்தால் "சரி, பாட்டு முடிந்தது" என்று தோன்றுகிறதோ, அதைப் பேஸில் தேட வேண்டும். தொண்டை அநேகமாக இரண்டு இடங்களுக்குப் போகும். ஒன்று ஸ, அதாவது வீடு; மற்றது அதிலிருந்து ஐந்தாவதான ப. இரண்டும் அவ்வளவு ஒட்டிப் போவதால் காது ப-வையே வீடென்று எடுத்துக்கொள்ளும்.

இதற்குப் பேஸில் ஓர் அருமையான சோதனை இருக்கிறது. நம் கம்பிகள் நான்காவது இடைவெளியில் சுருதி சேர்க்கப்பட்டவை. ஆகவே நீங்கள் பிடித்தது ப என்றால், அதே ஃப்ரெட்டில் (கழுத்திலுள்ள கட்டத்தில்) அடுத்த மெல்லிய கம்பிதான் ஸ. எனக்குத் தொண்டையில் வந்தது ஈ. ஏ கம்பியில் 7ஆவது ஃப்ரெட். விரலை நகர்த்தாமல் டி கம்பியின் 7ஐத் தட்டினேன், ஏ. உடம்பெல்லாம் இறங்கி அமர்ந்த ஓர் உணர்வு. இரண்டையும் மாறி மாறித் தட்டிப் பாருங்கள். ப கேள்வி கேட்கும், ஸ பதில் சொல்லும். திசை மாறாது.

ஆனால் சி-யும் அவ்வளவு இலேசில் விட்டுக்கொடுக்கவில்லை. பல்லவியின் இரண்டாவது வரி சி கோர்ட்டில் போய் அழகாக அமர்கிறது. அந்த இடத்தில் நிறுத்தினால் சி வீடு, முதல் வரியில் நிறுத்தினால் ஏ வீடு. இதைத் தீர்க்க, ஸ-வையும் ப-வையும் விடாமல் ஒலிக்கும் தம்புரா ஆப்பைப் பாவித்தேன். பாட்டுக்காரர்களும் வயலின்காரர்களும் நாள் முழுக்கப் பாவிக்கும் சாமான். பேஸ் வாசிக்கிறவர்கள் ஏன் அதைத் தொடுவதில்லை என்று எனக்கு விளங்கவேயில்லை.

அதற்கு முன்னால் ஒரு தடை. ஆப்பைப் போட்டதும் சி-யில் வைத்தாலும் ஏ-யில் வைத்தாலும் எல்லாம் உரசியது. பாட்டு எந்தச் சுருதியிலும் இல்லை. என்னிடம் இருப்பது அப்பாவின் கசெட்டிலிருந்து கணினியில் ஏற்றிய பிரதி. டெக்கின் மோட்டர் நூற்றுக்கு மூன்று வீதம் மெதுவாக ஓடினாலே ஏறத்தாழ அரை செமிடோன் இறங்கிவிடும். புல்லாங்குழல் நீளமாகப் பிடிக்கும் ஒரு நோட்டில் டியூனரை வைத்தேன். ஏ-க்கு 45 சென்ட் கீழே என்று காட்டியது. ஒரு செமிடோனுக்கு 100 சென்ட் என்பதால், அதையே ஜி ஷார்ப்புக்கு 55 சென்ட் மேலே என்றும் எழுதலாம். ஜி ஷார்ப் மைனர் என்று எழுதியவரிடமும் இப்படி ஒரு மெதுவான பிரதிதான் இருந்திருக்க வேண்டும்.

ஒடாசிட்டியில் 0.45 செமிடோன் ஏற்றிவிட்டுத் தம்புராவை மறுபடி போட்டேன். முதலில் சி. பல்லவி முழுக்க இனிமையாகத்தான் போனது. சி-யும் ஜி-யும் அடியில் ஓட, மேலே மெட்டு ஒரு சிராய்ப்பும் இல்லாமல் நகர்ந்தது. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் வாசல் வந்தது. அங்கே பேஸ் திறந்த ஈயில் ஒரு தட்டு, பிறகு அதே கம்பியில் 4ஆவது ஃப்ரெட், பிறகு 5. ஈ, ஜி ஷார்ப், ஏ. அந்த ஜி ஷார்ப் வந்த கணம் தம்புராவின் ஜி-யோடு மோதிப் பல் கூசியது. தம்புராவை ஏ-க்கு மாற்றி அதே இடத்தைத் திரும்பப் போட்டேன். ஜி ஷார்ப் ஏ-யை நோக்கி ஏங்கிக்கொண்டு வந்து அதற்குள் கரைந்தது. முடிந்தது கதை. சி மேஜரில் அந்த நோட்டுக்கு இடமில்லை. ஏ மைனரில் அது காகலி நிஷாதம், அதாவது ஸ-வுக்கு ஒட்டிக் கீழே உள்ள நி; கீரவாணி ராகம் தலைகாட்டும் இடம். டீச்சருக்குப் போட்டுக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் விரலை உயர்த்தி, "பாத்தீங்களா, கீரவாணிப் பக்கம் போகுது" என்றார்.

ஆகவே எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அழுத்திச் சொல்வேன்: சி-யா ஏ மைனரா, ஜி-யா ஈ மைனரா என்று திண்டாடும்போது பொதுவான ஏழு நோட்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். எட்டாவதாக ஒரு நோட்டு எங்காவது ஒரு கணம் வந்து போகிறதா என்று தேடுங்கள். மைனர் பாட்டென்றால் அது பெரும்பாலும் ஸ-வுக்கு ஒரு ஃப்ரெட் கீழே இருக்கும், பல்லவிக்குத் திரும்பும் வாசலில் இருக்கும். அதைப் பேஸே வாசிக்க வேண்டுமென்றும் இல்லை, வயலினிலோ பாடுகிறவரின் குரலிலோ இருக்கலாம்.

கீ கண்டுபிடிக்கும் மென்பொருட்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகின்றன. அவற்றை ஒப்பிடும் மைரெக்ஸ் என்ற ஆய்வுப் போட்டியில் சரியான விடைக்கு 1 புள்ளி, ஐந்தாவது நோட்டுக்குத் தள்ளிச் சொன்னால் 0.5, சி மேஜருக்கு ஏ மைனர் என்று மாற்றிச் சொன்னால் 0.3. இவை சரியான விடைக்கு நெருங்கிய பிழைகள் என்பதால் பகுதிப் புள்ளி கொடுக்கிறார்கள். நான் போட்ட ஆப்பும் சி மேஜர் என்றுதான் சொன்னது.

இங்கே கல்யாணங்களில் ஆட வாசிக்கும் பைலாப் பாட்டுகளில் இந்தச் சிக்கலே வராது. ஆறு-எட்டுத் தாளம், இரண்டு மூன்று கோர்ட்டுகள், ஸ-வும் ப-வும் மாறி மாறி வரும். காது பழக்குவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஜி, எஃப், சி என்று மூன்று கோர்ட்டில் சுற்றும் பாட்டுகளில் மட்டும் கவனம். நோட்டுகள் சி மேஜரின் நோட்டுகள்தான், ஆனால் வீடு ஜி-யாக இருக்கலாம், அது ஹரிகாம்போஜி ராகம். அங்கும் தம்புராதான் தீர்ப்புச் சொல்லும்.

இரவில் செய்யுங்கள். எங்கள் வீடு வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில். கோச்சி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனால் அந்தச் சத்தம் காதில் தங்கி, அதையே ஸ என்று தொண்டை பிடித்துக்கொள்ளும். அப்படிப் போனபிறகு கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத்தான் திரும்பத் தொடங்குவேன்.

இனி அடுத்த கட்டம். பாடப்போகும் அக்காவுக்கு 6 கட்டை உச்சத்தில் இறுக்குகிறதாம், 5½ கேட்கிறார். அதாவது ஜி ஷார்ப் மைனர். பாட்டுக்காரருக்கு அரைக் கட்டைதான், எனக்கோ திறந்த கம்பிகள் எல்லாம் போய்விடும். மேலே சொன்ன அந்த ஈ, ஜி ஷார்ப், ஏ நடை டி ஷார்ப்பில் தொடங்க வேண்டும். திறந்த ஈக்குக் கீழே எனக்குக் கம்பியே இல்லை. ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் அந்த வாசலின் கனம் முழுக்கப் போய்விடுகிறது, செய்து பார்த்தேன், பிடிக்கவில்லை. ஆகவே நாலு கம்பியையும் அரைப் படி இறக்கிவிட்டேன். விரல்கள் ஏ மைனரையே வாசிக்கும், ஒலி ஜி ஷார்ப் மைனரில் வரும், அடியில் 39 ஹெர்ட்ஸ் டி ஷார்ப் திறந்த கம்பியிலேயே கிடைக்கும்.

ஆனால் இப்போது போட்டிருக்கும் 45க்கு 105 செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) இறக்கியதும் தொய்ந்து ஃப்ரெட்டில் கரகரக்கிறது. இன்னும் தடித்த 50க்கு 110 தேவை. இங்கேதான் என் பெரிய முறைப்பாடு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 பக்கம் ஏறிய பிறகு பேஸ் கம்பி வாங்குவது சின்ன விஷயமில்லை. நகரத்தில் ஒரு கடையில் முழுக் காசு கொடுத்து வாங்கிய செட்டைப் பிரித்தால், உறைக்குள்ளேயே ஜி கம்பியில் துரு. பிரித்ததை மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். கடல் காற்றில் நல்ல கம்பியே சீக்கிரம் மங்கிவிடும், அதில் இது வேறு. பழைய கம்பியைக் கொதிநீரில் போட்டெடுத்து வடிவாகக் காயவைத்தால் அழுக்குப் போய்க் கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று ஒலிக்கும். துருவுக்கு அது மருந்தில்லை.

காசு சேர்ந்தால் ஐந்து கம்பி பேஸ் ஒன்று வாங்க வேண்டும். அடியில் பி இருந்தால் அதன் 4ஆவது ஃப்ரெட்டில் டி ஷார்ப் கிடைக்கும், இறக்கும் வேலையே இல்லை. ஃப்ரெட் இல்லாத பேஸில் கமகம் இழுத்துப் பார்க்கவும் ஆசை இருக்கிறது. அதற்கு முன் இந்தப் பாட்டின் இரண்டாவது இடையிசையை முடிக்க வேண்டும். அங்கே வயலின்கள் ஏறும்போது ஸ-வே இடம் மாறுகிற மாதிரித் தெரிகிறது. தம்புராவை டி-யில் வைத்தால் பாதி ஒத்துப்போகிறது, மீதி ஒத்துப்போகவில்லை. இன்று இரவு எஃப்பில் வைத்துப் பார்க்கப்போகிறேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் 50க்கு 110 செட் புதிதாக வைத்திருக்கும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், ஒத்திகைக்கு முன் மாட்ட வேண்டும்.