ஒட்டாவாவில் தார் ரோடு தெரிய ஆரம்பித்த மாதம்

வசந்தம் என்றால் பூவும் இளந்தளிரும் என்று நினைத்துக்கொண்டு மார்ச் மாதத்தில் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் போய் இறங்குகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பொடிக்கல்தான். குளிர்காலம் முழுக்க நகராட்சி லாரிகள் ரோட்டிலும் நடைபாதையிலும் கொட்டிய உப்பும் கல்லும் பனிக்குள் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும். பனி உருக உருக அத்தனையும் மேலே வரும். கூடவே டிசம்பரில் யாரோ தொலைத்த ஒற்றைக் கையுறை, நசுங்கிய காபி கப், ஊரிலுள்ள நாய்கள் நாலு மாதமாக விட்டுச்சென்றவை எல்லாம் வரும். நாற்றம் உண்டு. மரத்தில் ஒரு இலை கிடையாது. இந்த அழுக்கைப் பார்த்து ஊரே சந்தோஷப்படுகிறது, அதிலும் ஓடுகிறவர்கள் சந்தோஷப்படுவது தனி ரகம்.

நான் போனது அக்கா வீட்டுக்கு. சென்னையில் பெசன்ட் நகர் பக்கம் விடியற்காலையில் ஓடுகிற ஆள் என்பதால் ஷூவையும் பெட்டியில் வைத்திருந்தேன். மாமாதான், ஒரு காபிக் கடை வாசலில் புதன்கிழமை சாயங்காலம் கூடி ஓடுகிற குழு ஒன்று இருப்பதைச் சொன்னார். அவர் ஓடுகிறவர் இல்லை, காபி வாங்கப் போகும்போது பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். "மைனஸ் இருபதுலயும் ஓடுறாங்கப்பா, உனக்குச் சரியான கூட்டம்" என்றார். பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை. சந்தா கிடையாது, பதிவு கிடையாது, போய் நின்றால் போதும்.

போய் நின்றேன். பிளஸ் 4 டிகிரி. நான் உள்ளாடையிலிருந்து குல்லா வரை அக்கா கொடுத்த அத்தனையும் போட்டுக்கொண்டு நிற்க, எதிரே பாதிப்பேர் அரைக்கால் சட்டையில் நிற்கிறார்கள், தொடையெல்லாம் சிவந்து. குழுவை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருஷம் இந்தப் பனியில் வீடு வீடாக நடந்தவர், அறுபது வயதுக்கு மேல். என் ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இரண்டு கிலோமீட்டரில் கழற்றிவிடுவீர்கள், இடுப்பில் கட்டிக்கொள்ள வசதியாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். சொன்னபடியே ஆயிற்று.

அந்தப் புதன்கிழமைக்கு ஒரு விசேஷம் உண்டு என்பது ஓட ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். அதுவரை ஆறு மணிக்கு இருட்டிக்கொண்டிருந்த ஊரில் ஒரே ராத்திரியில் சூரியன் ஏழு மணி வரை நிற்கிறது. டிசம்பரில் நாலு இருபதுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அதாவது வேலை முடிந்து வருகிறவர்கள் மாதக்கணக்காகத் தலையில் விளக்கு கட்டிக்கொண்டுதான் ஓடியிருக்கிறார்கள். ஜனவரி இரவுகளின் சராசரியே மைனஸ் 14 பக்கம் இருக்கிற ஊர் இது. கண்ணிமை மயிரில் ஐஸ் பிடிக்குமாம், தாடி வைத்தவர்கள் முகத்தோடு துணி ஒட்டிக்கொள்ளுமாம். என்னோடு ஓடிய ஒரு பெண் பழைய ஷூவின் அடியைத் திருப்பிக் காட்டினார், ஹார்டுவேர் கடையில் விற்கிற குட்டி ஸ்க்ரூக்களை ரப்பருக்குள் முடுக்கி வைத்திருந்தார், ஐஸில் பிடிப்புக்காக. "இன்றைக்கு இது வேண்டியிருக்கவில்லை" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குழு விளக்கில்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஓடுகிற முதல் புதன்கிழமை அதுதான். என்னைக் கேட்டால் அவர்களுடைய புத்தாண்டு அதுதான் என்பேன்.

வழக்கமான பாதை ரிடோ கால்வாயை ஒட்டியது. நாடாளுமன்றக் குன்றின் பக்கத்தில் படகுகளை ஏற்றி இறக்குகிற எட்டு மதகுகள் படிக்கட்டாக இறங்குகின்றன, அங்கிருந்து தெற்கே கால்வாய் நீள்கிறது. கர்னல் ஜான் பை என்ற ராணுவப் பொறியாளர் மேற்பார்வையில் வெட்டி 1832-ல் திறந்தார்கள். கிங்ஸ்டன் வரை மொத்தம் 202 கிலோமீட்டர். 2007-லிருந்து யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. நாங்கள் ஓடியது நகரத்துக்குள் இருக்கிற துண்டை மட்டும்: கார்க்டவுன் நடைபாலத்தில் ஆரம்பித்து, ப்ரிட்டோரியா பாலம், ஃப்ளோரா நடைபாலம், பேங்க் தெருப் பாலத்துக்கு அடியில் நுழைந்து டௌஸ் ஏரி வரை. போய்வர ஏறக்குறைய 10 கிலோமீட்டர். கால்வாயின் இரண்டு கரையிலும் பாதை இருப்பதால் ஒரு கரையில் போய் மறு கரையில் திரும்பலாம்.

குளிர்காலத்தில் இந்தக் கால்வாய் உறைந்து 7.8 கிலோமீட்டர் நீளச் சறுக்குப் பாதையாகிவிடும். ஜனங்கள் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆபீஸுக்கே போவார்கள். நான் பார்த்தபோது அதெல்லாம் முடிந்து, தண்ணீர் மட்டம் இறங்கி, ஓரமெல்லாம் கறுப்புச் சேறு, நடுவில் சாம்பல் நிறத்தில் அழுக்கு ஐஸ். அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஐஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த ஊர்க்காரர்கள் நிறுத்துவதில்லை. 1970-71 குளிர்காலத்திலிருந்து வருஷா வருஷம் திறந்த பாதை 2022-23-ல் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை, ஐஸ் போதுமான அளவு கெட்டிப்படவே இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒருவர் ஓடிக்கொண்டே சொன்னார்: "அந்த வருஷம் ஓடுவதற்கு நன்றாகத்தான் இருந்தது, யாருக்கும் சந்தோஷமில்லை." குளிரைத் திட்டுவதும் குளிர் வராவிட்டால் பயப்படுவதும் ஒரே வாயில்தான். நம் ஊரில் மழையை வைத்து நாம் செய்வதும் வேறென்ன.

எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்துப்போன விஷயம் பகலில் பூஜ்யத்துக்கு மேலும் ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழும் போய்வருகிற அந்த வெப்பநிலை. கேட்டால் ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும், ஆனால் மார்ச், ஏப்ரலில் அந்த ஊரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். பகலில் உருகிய தண்ணீர் ரோட்டு விரிசலுக்குள் இறங்குகிறது, ராத்திரி உறைந்து சுமார் 9 சதவீதம் பெரிதாகித் தாரை நெம்பித் தள்ளுகிறது, மறுநாள் அது உருகியதும் அடியில் வெற்றிடம், மேலே ஒரு லாரி போனால் பள்ளம். நம் ஊர்ப் பள்ளங்களுக்கு ஒப்பந்தக்காரரைத் திட்டிப் பழகியவனுக்கு, இயற்கையே நேரில் வந்து பள்ளம் தோண்டுவதைப் பார்ப்பது ஒரு அனுபவம்தான். அதே தண்ணீர் நடைபாதையில் வழிந்து ராத்திரி உறைந்தால் விடியற்காலையில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ், தாரின் கறுப்பே தெரியும், காலை வைத்தால் ஆள் கீழே. அதனால்தான் இந்த மாதங்களில் குழு காலையைவிடச் சாயங்காலத்தை விரும்புகிறது. சென்னையில் நாலரைக்கு எழுந்து ஓடுகிறவனுக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆயிற்று.

அப்புறம் அதே ஏற்ற இறக்கம்தான் மேப்பிள் மரத்துக்குள் சாற்றையும் ஓட வைக்கிறது. ராத்திரி உறைந்து பகலில் உருகுகிற சில வாரங்கள் மட்டுமே மரத்தில் துளையிட்டுச் சாறு எடுக்க முடியும். மொட்டு விட ஆரம்பித்தால் சாற்றின் சுவை கெட்டுவிடும், சீசன் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை முடித்துவிட்டு, குளித்தும் குளிக்காமலும், கார்களில் ஏறி லானார்க் பக்கம் இருக்கிற ஒரு சர்க்கரைத் தோப்புக்குப் போனோம். சுமார் 40 லிட்டர் சாறு காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப். கொட்டகை முழுக்க ஆவி, நம் ஊரில் வெல்லம் காய்ச்சுகிற ஆலைக்குள் நுழைந்தது மாதிரியே இருந்தது, நெருப்பும் விறகும் உட்பட. சூடான பாகைச் சுத்தமான பனிமேல் கோடாக ஊற்றிக் குச்சியில் சுருட்டிக் கொடுக்கிறார்கள், மிட்டாய் மாதிரி இழுபடும். ஒன்றோடு நிறுத்த முடியவில்லை. பேன்கேக்கும் பீன்ஸும் வேறு. அன்றைக்கு ஓடிய கணக்கெல்லாம் அங்கேயே நேராகிவிட்டது.

வசந்தம் வந்துவிட்டது என்று யாரும் அங்கே உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் எனக்குத்தான் அவசரம், கையுறையைத் துவைத்து மடித்து வைத்தேன். அக்கா பார்த்துவிட்டு, "எடுத்து வைக்காதடா, இன்னும் ரெண்டு தடவை கொட்டும்" என்றாள். கொட்டியது. ராத்திரி முழுக்க. இங்கே வருஷத்துக்கு 2 மீட்டருக்கு மேல் பனி விழுகிறது என்று எங்கேயோ படித்தது, முழங்கால் வரை நனைந்தபோது சரியாகப் புரிந்தது. அந்தப் புதன்கிழமை எத்தனை பேர் வருவார்கள் என்று பார்க்கவே போனேன். வந்திருந்தார்கள். சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிற வீரர்கள் என்று எழுதினால் பொய், அத்தனை பேரும் டௌஸ் ஏரி வரை புலம்பிக்கொண்டே ஓடினார்கள், கெட்ட வார்த்தைகள் உட்பட. எனக்கு என்னவோ அதுவே மிகவும் நெருக்கமாக இருந்தது.

புலம்புவதற்கு நியாயமும் இருந்தது. ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை பாஸ்டன் மாரத்தான், மே கடைசியில் ஒட்டாவாவின் சொந்த மாரத்தான். இரண்டுக்கும் தயாராகிறவர்கள் குழுவில் இருந்தார்கள். மார்ச்சில் ஹாமில்டன் நகரத்தில் நடக்கிற 30 கிலோமீட்டர் வளைகுடாப் பந்தயத்தை முடித்தவர்களும் உண்டு. அந்தப் பந்தயம் 1894-ல் ஆரம்பித்தது, பாஸ்டனைவிட மூன்று வருஷம் மூத்தது என்பதை ஒரு கனடாக்காரர் உங்களிடம் சொல்லாமல் விடமாட்டார். இந்தப் பந்தயங்களுக்கான நீண்ட ஓட்டங்களெல்லாம் ஜனவரி, பிப்ரவரி இருட்டில்தான் ஓட வேண்டும். ட்ரெட்மில்லில் 25 கிலோமீட்டர் ஓடியவர் ஒருவர் இருந்தார், எதிரே ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டே. அவரிடம் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

இதற்கு நடுவே சென்னைக் குழுவின் வாட்ஸ்ஆப் செய்திகளும் வந்துகொண்டிருந்தன. நாலு மணிக்கே கிளம்பலாமா, ஆறுக்குள் முடித்துவிடலாமா, தண்ணீர் யார் கொண்டு வருவது. அங்கே பங்குனி வெயிலிலிருந்து தப்பிக்க ஓடுகிறார்கள். இங்கே ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலைந்து பேர் சட்டென்று நின்று, சூரியன் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள், யாரும் அதை வினோதமாகப் பார்ப்பதில்லை. நம் பழைய கணக்குப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். அந்தக் காலத்தில் சென்னைக்கு அது எப்படிப் பொருந்தியதோ, ஒட்டாவாவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

கால்வாயை விட்டு நதிப்பக்கம் ஓடுவதானால் ரிடோ அருவி வரை போங்கள். ரிடோ நதி ஒட்டாவா நதியில் குதிக்கிற இடம் அது. பனிக்கட்டிகள் அடைத்து வெள்ளம் வராமலிருக்க, பிப்ரவரி, மார்ச்சிலேயே நகராட்சிக்காரர்கள் நதியின் ஐஸை ரம்பத்தால் அறுத்து வெடி வைத்துத் தகர்க்கிறார்கள், நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற வேலை. வெடி வைப்பதை நான் பார்க்கவில்லை, கதவு அகலத்துக்கு ஐஸ் பாளங்கள் அருவியில் புரண்டு விழுவதை மட்டும் பார்த்தேன், சத்தம் வயிற்றில் கேட்கும். ஒட்டாவா நதி சாதுவானதும் இல்லை. 2017-லும் 2019-லும் வசந்தத்தில் பெரிய வெள்ளம். சாதாரண வருஷத்திலேயே கரையோரப் பாதையில் சில இடம் தண்ணீருக்குள் போய்விடும். அங்கே போய்த் திரும்பி வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள், தாண்டிப் போகப் பார்க்காதீர்கள். இன்னொரு எச்சரிக்கை கனடா வாத்துகள். தெற்கிலிருந்து திரும்பி வந்து பாதை நடுவிலேயே நிற்கும், சீறும், வழிவிடாது. தபால்காரர் நாய்களுக்குப் பயப்படாதவர், வாத்துக்கு மட்டும் புல்லில் இறங்கிச் சுற்றிப் போனார்.

டூலிப் பூக்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஒட்டாவாவில் அடைக்கலமாக இருந்த நெதர்லாந்து இளவரசி யூலியானா 1945-ல் நன்றியாக ஒரு லட்சம் கிழங்குகள் அனுப்பினார், அதிலிருந்து ஆரம்பித்த கதை. பூப்பது மே மாதம், டௌஸ் ஏரிக் கரையில்தான் அதிகம். நான் கிளம்பும்போது மண்ணிலிருந்து பச்சை முனை மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பார்த்த கொண்டாட்டம் வேறு. ஏப்ரல் கடைசிப் புதன்கிழமை, கால்வாய்ப் பாதைக்குத் திரும்புகிற முக்கில் நகராட்சியின் ரோடு பெருக்குகிற வண்டி எதிரே வந்தது, அந்தப் பெரிய வட்டத் துடைப்பம் சுழல, தூசியைக் கிளப்பிக்கொண்டு. குழு அப்படியே ஓரமாக நின்று கைதட்டியது. விசில்கூட அடித்தார்கள். ஓட்டுநர் முதலில் தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்திருப்பார் போல, அப்புறம் ஹாரனை இரண்டு தடவை அடித்தார். அவ்வளவு நாளும் காலுக்கடியில் உருண்டு கணுக்காலைப் பதம் பார்த்த பொடிக்கல் அந்தத் தெருவில் அன்றோடு போயிற்று. தபால்காரர் அன்றைக்கு ஷூவில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

மார்ச், ஏப்ரலில் போகிறவர்களுக்கு: புது ஷூ வேண்டாம், உப்பும் சேறும் ஒரே வாரத்தில் அதைப் பழசாக்கிவிடும். வெள்ளை சாக்ஸும் வேண்டாம். காற்றைத் தடுக்கிற மெல்லிய ஜாக்கெட் ஒன்று போதும், ஆனால் கையுறை ஏப்ரல் முடியும் வரை பையிலேயே இருக்கட்டும். காபிக் கடை வாசலில் கூடுகிற இலவசக் குழுக்கள் அந்த ஊரில் ஒன்றுக்கு மேல் உண்டு, வேகம் எவ்வளவு என்று கேட்பார்கள், கொஞ்சம் குறைத்தே சொல்லுங்கள்.