ஹார்ட், ஃபுல்லர், லியனகே வழக்கு

திருகோணமலையில் உயர்தர வகுப்புகளுக்கு அரசறிவியல் கற்பிக்கும் எனக்கு, மேற்கத்தேய சட்டத் தத்துவத்துக்குள் நுழைய அநீதியான சட்டமும் சட்டந்தானா என்பது பற்றி, 1958ஆம் ஆண்டு ஹார்வர்ட் சட்ட இதழில் பிரித்தானியச் சட்டத் தத்துவவாதி எச். எல். ஏ. ஹார்ட்டும் அமெரிக்கச் சட்ட அறிஞர் லொன் ஃபுல்லரும் நடத்திய வாதத்தைவிட நல்ல வாசல் தெரியவில்லை.

நாஜி ஆட்சியில், ஹிட்லரை இகழ்ந்த தன் கணவனைக் காட்டிக்கொடுத்த பெண்ணொருத்தி, போருக்குப் பின் அதற்காகவே விசாரிக்கப்பட்டாள். அன்றைய சட்டத்தின்படியே நடந்துகொண்டேன் என்பது அவளது எதிர்வாதம். சகிக்கவே முடியாத அநீதியான சட்டம் நீதிக்கு வழிவிட வேண்டும் என்று ஜெர்மானியச் சட்ட அறிஞர் குஸ்தாவ் ராட்புரூக் 1946இல் எழுதியிருந்தார். ஹார்ட் அதை ஏற்கவில்லை. அதுவும் சட்டந்தான், ஆனால் கீழ்ப்படியத் தகாத சட்டம் என்றும், அவளைத் தண்டித்தே ஆகவேண்டுமென்றால் பின்னோக்கிச் செயற்படும் சட்டமொன்றை வெளிப்படையாக இயற்றி, அதற்காக எந்த நெறியைப் பலியிடுகிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். இரகசியமாகவும் பின்னோக்கியும் சட்டம் செய்யும் ஆட்சியிடம் சட்டம் என்று அழைக்கத்தக்க ஒன்று எஞ்சியிருக்கிறதா என்பது ஃபுல்லரின் மறுமொழி.

விதியின் சொற்களுக்கு ஐயமற்ற மையப் பொருள் உண்டு என்று காட்ட, பூங்காவுக்குள் வாகனங்களுக்குத் தடை என்று ஹார்ட் தந்த புகழ்பெற்ற உதாரணமும் அந்த வாதத்தில் வந்ததுதான். போர் நினைவுச் சின்னமாக அங்கே நிறுத்தப்படும் இராணுவ லொறியை என்ன செய்வது என்று ஃபுல்லர் மடக்கினார். உப்புவெளிக் கடற்கரையில் அப்படியொரு பலகை நாட்டினால் கரைவலை இழுக்க வரும் உழவு இயந்திரம் என்னாகும் என்று என் மாணவி ஒருத்தி கேட்டது, ஃபுல்லரின் லொறியைவிடக் கூர்மையான கேள்வி என்றே நினைக்கிறேன்.

இந்த விவாதம் லியனகே வழக்கின் வழியே நம் நாட்டு நீதிமன்றத்துக்கும் வந்தது. அரசைக் கவிழ்க்க நடந்த 1962 ஜனவரிச் சதிமுயற்சியை அடுத்து, அதில் சிக்கியவர்களுக்கென்றே பின்னோக்கிச் செயற்படும் விசேட சட்டம் இயற்றப்பட்டது. சாட்சிய விதிகள் தளர்த்தப்பட்டன, குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டுகளாக நிர்ணயிக்கப்பட்டது. குற்றவாளிகளாகக் காணப்பட்ட 11 பேரையும் 1965 டிசம்பரில் அப்போது நமது இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் (Privy Council) விடுவித்தது. ஆனால், இயற்கை நீதியின் அடிப்படைக் கோட்பாடுகள் இலங்கைப் பாராளுமன்றத்தைக் கட்டுப்படுத்தும் என்ற வாதத்தை அது நிராகரித்தது. அன்றைய சோல்பரி அரசியல் யாப்பு நீதித்துறைக்குத் தனியே ஒதுக்கிய அதிகாரத்துக்குள் சட்டமன்றம் புகுந்துவிட்டது என்பதே அது காட்டிய காரணம். ஃபுல்லர் கண்டித்திருக்கக்கூடிய சட்டத்தை, ஹார்ட் ஏற்கக்கூடிய காரணத்தால் வீழ்த்திய தீர்ப்பு இது.

ஹார்ட்டின் தெளிவை நான் மதிக்கிறேன். எனினும் அந்தக் காரணம் யாப்பின் வாசகத்தில் மட்டுமே நின்றது. 1972இன் யாப்பு, நீதிமுறை அதிகாரத்தையும் சட்டமன்றமான தேசிய அரசுப் பேரவையே நீதிமன்றங்கள் ஊடாகப் பிரயோகிக்கும் என்று எழுதியதும் அது சரிந்தது. இன்று நடைமுறையிலுள்ள 1978 யாப்பின் 13(6)ஆம் உறுப்புரை, செய்தபோது குற்றமாக இராத செயலுக்குப் பின்னர் தண்டிப்பதைத் தடுக்கிறது. ஆயினும், நாடுகளின் சமூகம் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி அப்போதே குற்றமாக இருந்த செயல்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்கிறது. ராட்புரூக் சொன்னதற்கு நம் யாப்பு விட்டுவைத்திருக்கும் இடம் அவ்வளவுதான்.