காசிமேட்டிலிருந்து முகத்துவாரம் வரை

இன்னைக்கு 28 கிலோமீட்டர் ஓடிட்டேன்! விடியக்காலை நாலு மணிக்கு காசிமேட்டுல கிளம்பி, திருவொற்றியூர் வழியா எண்ணூர் முகத்துவாரம் போய்த் திரும்பினேன். கண்டெய்னர் லாரிங்க அந்த நேரத்துலயே வரிசை கட்டி நிக்குது. அந்தப் புகையை இழுத்துக்கிட்டு ஓட மனசு வரல, முடிஞ்ச இடத்துல எல்லாம் கடலோரத் தெருவுக்குள்ள புகுந்துட்டேன்.

நான் தயாராகுற முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். உடம்பு சேர்த்து வச்சிருக்கிற கிளைகோஜன், அதாவது ஓடுறதுக்கு எரிபொருளா இருக்கிற சர்க்கரைச் சேமிப்பு, பலருக்கு 30 கிலோமீட்டர் தாண்டுறப்போ தீர ஆரம்பிச்சிடும், கால் கல்லு மாதிரி ஆயிடும். அதனாலதான் ஞாயித்துக்கிழமை நீள ஓட்டத்தை மெதுவா, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல ஓடுறேன். முக்கால் மணிக்கு ஒருதரம் ரெண்டு பேரீச்சம்பழம். கூடவே உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணி. நம்ம ஊரு வேர்வைக்கு வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் இறங்கிடும், அது ஆபத்து.

திரும்பி வரும்போது தொடை இறுகிப்போச்சு. மீன் கூடையோட எதிர்ல வந்த அக்கா ஒருத்தங்க, "இன்னும் எவ்ளோ தூரம் தம்பி?"ன்னு கேட்டாங்க.

"ரெண்டு கிலோமீட்டர்தான்க்கா."

"ஓடு ஓடு, வந்துட்ட!"

அந்த ரெண்டையும் நிக்காமலே ஓடினேன். அடுத்த ஞாயிறு 30.